ரிங் விட்டா மோட்டார் ஓடோணும்

எங்க தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள, செவத்துல மூணு பொட்டி இருக்குதுங்க. ஒண்ணு அப்பா காலத்து ஸ்டார்ட்டர். கறுத்துப்போன இரும்புப் பொட்டி, பச்சைப் பித்தான் ஒண்ணு, செவப்புப் பித்தான் ஒண்ணு. ரெண்டாவது வெள்ளை பிளாஸ்டிக் பொட்டி. பாக்க லட்சணமா இருக்கும், ஆனா வயரெல்லாம் கழட்டி விட்டாச்சு, இப்ப உள்ளார பல்லி குடியிருக்குது. மூணாவது சாம்பல் கலர்ல ஒரு சின்னப் பொட்டி. அதுல எதுவுமே எழுதியிருக்காது. மூணையும் பத்தித்தான் இந்தப் பதிவு, ஆனா அதிகமாச் சொல்ல வேண்டியது அந்த ரெண்டாவதைப் பத்தித்தான்.

டவுன்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணை மொதல்லயே சொல்லிடறேன். உங்க வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும் சிங்கிள் பேஸ் போதும். எங்க போர் மோட்டாருக்கு மூணு பேஸும் வேணும். அது நாள் பூராவும் வராது. பகல்ல கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், மொறை வச்சு விடுவாங்க. இந்த வாரம் ராத்திரி பதினொண்ணுக்கு, அடுத்த வாரம் வெடியால நாலுக்குன்னு மாறும். வந்த கரண்டு நடுவுல போயிட்டுத் திரும்ப வரும். அப்ப எந்திரிச்சுப் போயி பித்தானை அமுக்கலைன்னா அன்னைக்குத் தண்ணி அவ்வளவுதான். (இந்த கரண்டுக் கட்டணத்துக்காக 1972ல நாராயணசாமி நாயுடு காலத்துல கட்டை வண்டிகளைக் கொண்டாந்து கோயமுத்தூரையே மறிச்ச கதை இருக்குது. அது தனிப் பதிவு போடற அளவுக்குப் பெருசு, இன்னொரு நாளைக்கு.)

நாஞ் சின்னப் பையனா இருந்ததுல இருந்து எங்கப்பா ராத்திரியில டார்ச் லைட்டை எடுத்துட்டு வரப்புல போறதைப் பாத்திருக்கறேன். மழைக்காலத்துல கண்ணாடி விரியனை மிதிக்காம வந்தா அதே பெரிய விசயம். எங்க அப்பாரு காலத்துல கவலை. ரெண்டு மாடு வாரியில எறங்க, வடக்கயித்து மேல ஆளு உக்கார, சால் மேல வந்து தொட்டியில ஊத்தும். நாள் பூரா ஓட்டினாலும் அரை ஏக்கரா நனையறது கஷ்டம். அதுக்கப்பறம் வந்ததுதான் மோட்டார்.

அந்த மோட்டார் எங்க ஊர்ச் சாமான்ங்கறதை வெளியூர்க்காரங்க பல பேருக்குத் தெரியறதில்லை. 1930களோட தொடக்கத்துல பைக்காராவுல இருந்து கோயமுத்தூருக்குக் கரண்டு வந்துச்சு. மில்லுக பெருகுச்சு. 1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து ஒரு கரண்டு மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல செஞ்ச மொத மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. ஜி.டி. நாயுடு சூலூர்ப் பக்கம் கலங்கல்ல பொறந்தவர், பள்ளிக்கூடம் ஒத்து வராதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி வச்சிருந்த மோட்டார் சைக்கிள் மேல ஆசை வந்து, ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து அதையே வாங்கி, அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டினவர். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலை ஆரம்பிச்சாரு. எங்க பக்கம் யாரு தொழில் தொடங்கினாலும் அவரு பேரை ஒருக்காச் சொல்லாம விட மாட்டாங்க. நம்ம கதையிலயும் அவரு வருவாரு, எனக்குப் புடிக்காத மாதிரி.

எங்க தோட்டம் அன்னூருக்குப் பக்கம். எங்கூர்ல இருந்து சத்தி ரோட்டுல கோயமுத்தூர் போனா மொதல்ல வாழையும் தென்னையும், அப்பறம் கோவில்பாளையம், அது தாண்டி சரவணம்பட்டியில கண்ணாடிக் கட்டடங்க, அதுக்கப்பறம் கணபதியில லேத்துப் பட்டறைங்க. ஒரே ரோட்டுல மூணு ஒலகம். என்ற ஊட்டுக்காரம்மாவோட அண்ணன் மகன் அந்த நடு ஒலகத்துல ஆறு வருசம் வேலை பாத்தான். நல்ல சம்பளம். கொரோனாவுல ஊட்டுல இருந்தே வேலைன்னு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போறப்ப வேலைக்குப் போகலை, வேலையை உடறதுக்குத்தான் போனான். அது 2021. கூட வேலை பாத்த ரெண்டு பசங்களைச் சேத்துக்கிட்டு, கணபதியில ஒரு பட்டறைக்கு மேல மாடியில ரூம் புடிச்சுட்டான்.

ஒரு நாள் வந்து சொன்னான். "மாமா, இனி நீங்க தோட்டத்துக்கே போக வேண்டாமுங்க. ஊட்டுல உக்காந்துட்டே பண்ணயம் பாக்கலாமுங்க."

"மாப்ளே, ஊட்டுல உக்கார முடியாமத்தான் நாந் தோட்டத்துக்கே போறேன்"னேன். உள்ளார இருந்து அவங்க அத்தை கரண்டியோட எட்டிப் பாத்தா.

அவன் சொன்னது இதுதான். மோட்டார் ரூமுல ஒரு பொட்டி, செல்போன்ல ஒரு ஆப். மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம், மண்ணுல ஈரம் எத்தனை, எத்தனை லிட்டர் போச்சு, நாளைக்கு மழை வருமா, போன மாசத்தோட ஒப்பிட்டா எப்படின்னு கோடு கோடாப் படம் வரும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பணம் கொஞ்சம் தேவைப்படுதுங்கன்னான். மகளோட காலேஜ் ஆஸ்டலுக்குன்னு எடுத்து வச்சிருந்ததுல ரெண்டரை லட்சம் குடுத்தேன். அப்பத்தான் ஜி.டி. நாயுடு பேரைச் சொன்னான். "அவரு இன்ஜினியரிங் படிப்பே ரெண்டு வருசம் போதும்னாரு மாமா, நாங்க ஆறு மாசத்துல முடிச்சுருவோம்." நானும் தலையாட்டினேன். எங்க மச்சானுக்கு மட்டும் புடிக்கலை. பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருந்த நேரம். கம்பெனி பேரைக் கேட்டுட்டு வந்தவங்க, சொந்தத் தொழில்னதும் காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

2022 தொடக்கத்துல வெள்ளைப் பொட்டி வந்துச்சு. மாட்டி, அப்பா கையில போனைக் குடுத்தான். எங்க தோட்டத்துல தண்ணி கட்டறது அப்பாதான். எழுவத்தெட்டு வயசு, பட்டன் போனு. டச் போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல பித்தான் எங்க இருக்குது?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். அப்ப யாருக்கும் உறைக்கலை.

அப்பறம் தினமும் ஒரு கூத்து. ஆப் அப்டேட் கேக்கும். லாகின் போகும், ஓடிபி வரும், அது என்ற நம்பருக்கு வரும், நான் அவினாசியில இருப்பேன். வெயில்ல ஸ்கிரீன் தெரியாது. ஈரக் கையில தொட்டா வேலை செய்யாது. தண்ணி கட்டறவன் கை எப்பங்க காஞ்சிருக்கும்? நாலஞ்சு நாள் பாத்துட்டு அப்பா பழையபடி டார்ச்சை எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. நாந்தான் விடலை. மாப்ளை ஆசையாச் செஞ்சிருக்கறான், நாமளே பொழங்கலைன்னா வேற யாரு பொழங்குவாங்கன்னு, ராத்திரியில மட்டும் ஆட்டோன்னு போட்டு வச்சேன். த்ரீ பேஸ் வந்தா தானா ஓடும், போர்ல தண்ணி கொறைஞ்சா தானா நிக்கும். அப்படித்தான் சொல்லியிருந்தான்.

சித்திரை மாசம். நேந்திரன் எண்ணூறு மரம், தார் விட்டு நின்னுது. நல்ல வெயிலு, எங்க பக்கம் போரெல்லாம் ஆயிரம் அடி போனாலும் அந்த நேரத்துல விட்டு விட்டுத்தான் தண்ணி வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து போனைப் பாத்தேன். மோட்டார் ஆஃப்னு காட்டுச்சு. சரி கரண்டு வரலைன்னு படுத்துட்டேன். வெடியால போனா, மோட்டார் ரூமுல மீட்டர் ஓடின கணக்கு இருக்குது, குழாயில காத்து. பித்தானை அமுக்கினா ட்ரிப் ஆகுது. சப்மெர்சிபிள் காயில் போயிருச்சு.

என்ன நடந்துச்சுன்னு அவனே வந்து பிரிச்சுப் பாத்துட்டுச் சொன்னான். ராத்திரி கரண்டு வந்துட்டுப் போயிட்டு வந்ததுல செல்போன் டவர் செத்துப் போச்சு. பொட்டிக்கு நெட் இல்லை. ஆப்புல நான் பாத்த ஆஃப், அதுக்கு முந்தி கடைசியா வந்த சேதி. சரி, தண்ணி இல்லைன்னா நிக்கும்னியே? நிக்கறதுதான். ஆனா தண்ணி இல்லைங்கற முடிவைப் பொட்டி எடுக்காது. பொட்டி ஆம்பியர் கணக்கை அனுப்பும், எங்கியோ மும்பையில இருக்கற கம்ப்யூட்டர் அதைப் பாத்துட்டு நிறுத்துன்னு சொல்லும், அப்பறம் இது நிறுத்தும். டவர் இல்லாத ராத்திரியில சொல்றதுக்கு ஆளில்லை. இது பாட்டுக்குக் காத்தை இழுத்துட்டு ஓடியிருக்குது.

போர் வண்டிக்குச் சொல்லி, அவங்க வேலைக் கூட்டத்துல ஒன்பது நாள் கழிச்சு வந்து, குழாயைக் கழட்டி, காயில் கட்டி, திரும்ப எறக்க நாப்பத்திரெண்டாயிரம் ஆச்சு. அதைக் கூடத் தாங்கிக்கலாம். பதிமூணு நாள் தண்ணியில்லாம தார் பிஞ்சு பிஞ்சா நின்னு போச்சு. வியாபாரி வந்து பாத்துட்டு, வெலை சொல்லாம வண்டியைத் திருப்பினான். அந்த வருசம் மகளுக்கு ஆஸ்டல் பீஸு நகைக் கடன்ல கட்டினேன்.

அவன் மோட்டார் ரூம் படியிலயே உக்காந்துட்டு இருந்தான். சோறு திங்க வரலை. எனக்கு வாயில வந்ததையெல்லாம் திட்டணும்னு இருந்துச்சு, கொஞ்சம் திட்டவும் திட்டினேன், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்பா வந்து பக்கத்துல உக்காந்து கேட்டாரு, "ஏஞ்சாமி, பழைய பொட்டியில ஓவர்லோடு ஆனா அதுவே விட்டுரும். உன்ற பொட்டி ஏன் ஊரைக் கேக்குது?"

அதுக்கு அவங்கிட்ட பதிலில்லை.

அதுக்கப்பறம் அவன் ரூமுக்குப் போனது கொறைஞ்சு, எங்க மோட்டார் ரூமுக்கு வந்தது அதிகமாச்சு. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமெல்லாம் போயிப் பாத்தான். காண்டாக்டருக்குள்ள பல்லி மாட்டிச் செத்தது, கட்டெறும்பு ரிலேக்குள்ள புத்து வச்சது, எலி வயரைக் கடிச்சது, ரெண்டு பேஸ்ல கண்டென்சர் போட்டு ஓட்டறது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதினான். கணபதிப் பட்டறைக்காரர் ஒருத்தர், நாப்பது வருசமா மோட்டார் காயில் கட்டறவரு, அவங்கிட்டச் சொன்னாராம்: "தம்பி, எரிஞ்ச மோட்டாரு நூறு பாத்துட்டு அப்பறம் புது மோட்டாரு செய்யலாம்." எங்க ஊர்த் தொழில் பாதி இப்படி வந்ததுதான். 1955ல பி. சபாபதிங்கறவரு கோயமுத்தூர்ல கரண்டு கிரைண்டர் செஞ்சாரு. அதுல என்ன இருக்குது? நம்ம ஆட்டுக்கல்லுதான். கல்லை ஆட்டற கைக்குப் பதிலா மோட்டார் சுத்துது. இன்னைக்கும் ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கு அதுக்குன்னு ஒரு மருவாதி. என்ற அம்மா கல்லைப் பாத்துத்தான் கிரைண்டர் வாங்கினா, கம்பெனியைப் பாத்து இல்லை.

நம்ம பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தத்தைப் பத்தி உங்களுக்கெல்லாம் தெரியும், சினிமாவே வந்துருச்சு. 1998ல ஊட்டுக்காரம்மா துணியை மறைச்சு எடுத்துட்டுப் போறதைப் பாத்து ஆரம்பிச்சவரு. நாப்கின்ல இருக்கறது பருத்தி இல்லை, மரக்கூழ்னு கண்டுபுடிக்கவே வருசக்கணக்காச்சு. வெளிநாட்டு மெஷின் கோடிக்கணக்குல வித்தப்ப, இவரு செஞ்சது அறுபத்தஞ்சாயிரம் ரூபாயில. பெரிய கம்பெனிக்கு விக்காம மகளிர் குழுக்களுக்கு வித்தாரு. எனக்கு அதுல புடிச்சது வெலை கூட இல்லீங்க. ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருப்பாரு, எது கெட்டாலும் அங்க வேலை செய்யற பொம்பளைங்களே சரி பண்ணிக்கலாம். 2016ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

இதையெல்லாம் நான் மாப்ளைகிட்டச் சொன்னப்ப, அவனுக்குள்ள வேற சண்டை நடந்துட்டு இருந்துருக்குது. கூட இருந்த பசங்க ரெண்டு பேருக்கும் ஆப்பை விட மனசில்லை. பெங்களூர்ல இருந்து பணம் போட ஒருத்தர் தயாரா இருந்தாரு. அவருக்கு வேண்டியது பொட்டி இல்லை. மாசாமாசம் வெவசாயிகிட்ட இருந்து சந்தா வரணும், எந்த ஊர்ல எத்தனை தண்ணி போகுதுங்கற கணக்கு வேணும். ஒருக்கா வித்துட்டு முடிஞ்சு போற பொட்டிக்கு எதுக்குப் பணம் போடறதுன்னு கேட்டாராம். அவரு பக்கம் பாத்தா அதுவும் நாயந்தான், பணம் போடறவன் திரும்ப வர்றதைத்தான் பாப்பான். ஆனா எங்கப்பா சந்தா கட்டி பித்தான் அமுக்குவாரா? பசங்க ரெண்டு பேரும் திரும்ப வேலைக்குப் போயிட்டாங்க. சண்டை கிண்டை இல்லை. ஒருத்தன் போறப்ப சால்டரிங் மெஷினை இவனுக்கே விட்டுட்டுப் போனான்.

எங்க மச்சான் அந்த வாரம் எங்கூட்டுக்கு வந்தாரு. "நீங்க சொன்னாக் கேப்பானுங்க. வேலைக்குப் போகச் சொல்லுங்க. வயசு முப்பது ஆகப் போகுது." நெசமாலுமே எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. போகச் சொன்னா என்ற ரெண்டரை லட்சமும் போச்சு. இருக்கச் சொன்னா அவன் கல்யாணம் போச்சு. ஒரு பொங்கல் வரைக்கும் பாப்போமுங்கன்னேன். அது தைரியத்துல சொன்னதில்லை, நாளைத் தள்ளிப்போடறதுக்குச் சொன்னது.

மூணாவது பொட்டி அந்த மார்கழியில வந்துச்சு. ஆப் இல்லை. பொட்டிக்கு ஒரு சிம். எந்த போன்ல இருந்து வேணாலும் ரிங் விட்டா எடுக்கும். ஒண்ணை அமுக்கினா ஓடும், ரெண்டை அமுக்கினா நிக்கும். பேஸ் கொறைஞ்சாலோ, ஆம்பியர் எறங்கித் தண்ணி இல்லைன்னு தெரிஞ்சாலோ அதுவே நின்னுக்கும், யாரையும் கேக்காது. டவர் இல்லைன்னா பழைய பச்சைப் பித்தான் அப்படியே வேலை செய்யும், அதைக் கழட்டலை. மூடிக்குள்ள வயரிங் படம், தமிழ்ல. எங்கூரு எலக்ட்ரீசியன் டெஸ்டரை வச்சே பாத்துருவான். பல்லி போகாம ஓட்டைக்கெல்லாம் ரப்பர். வெலை ஆறாயிரத்து ஐநூறு, ஒரே தடவை.

இது புதுக் கண்டுபுடிப்பா? இல்லவே இல்லை. இதே மாதிரி போன்ல மோட்டார் போடற சாமானை புனேக்காரர் சந்தோஷ் ஓஸ்த்வால் 'நானோ கணேஷ்'னு எப்பவோ செஞ்சுட்டாரு. அவரும் தாத்தா தோட்டத்துக்கு நடந்து நடந்து கஷ்டப்பட்டதைப் பாத்துத்தான் ஆரம்பிச்சாராம். 2009ல நோக்கியா நடத்தின போட்டியில பரிசு கூட வாங்கினாரு. கோயமுத்தூர்லயே இன்னைக்கு மொபைல் ஸ்டார்ட்டர் செய்யறவங்க எத்தனையோ பேரு. மாப்ளைகிட்ட இதைக் கேட்டேன். "ஆமாங்க மாமா, புதுசு ஒண்ணுமில்லீங்க. கெட்டுப்போனா நாளைக்கே ஆளு வருவான், அது மட்டுந்தான் புதுசு"ன்னான்.

கொறையும் இருக்குது, சொல்லிடறேன். முன்னெல்லாம் ரிங் விடறது சும்மா. 2018 கடைசியில இருந்து, மாசம் ரீசார்ஜ் பண்ணலைன்னா இன்கமிங்கும் வராதுன்னு போன் கம்பெனிக்காரங்க ஆக்கிட்டாங்க. ஆக மோட்டாரும் எங்களை மாதிரியே மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுது. அதுவும் இது 2ஜி பொட்டி, ஜியோ சிம் போட்டா எடுக்காது. 2ஜியை என்னைக்கு நிறுத்துவாங்களோன்னு ஒரு பயம் அவனுக்கு இருக்குது. 4ஜி சாமான் போட்டா வெலை ஏறும். அதுக்கு இன்னும் வழி பாத்துட்டுத்தான் இருக்கறான்.

இதுவரைக்கும் நூத்தி எழுவது பொட்டிக்கு மேல போயிருக்குது. பெரிய காசெல்லாம் இல்லை. எனக்கு ஒன்றரை லட்சம் திரும்ப வந்துருக்குது, மீதியை நான் கேக்கலை, அவனும் மறக்கலை. பொண்ணு இன்னும் அமையலை. உங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருந்தா சொல்லுங்க, பையன் தங்கமான பையன்.

ஒண்ணைச் சொல்ல மறந்துட்டேன். பொட்டி போனை எடுத்தா பேசணுமில்லீங்களா? குரலுக்கு ஆளு வச்சா செலவுன்னு, ஒரு நாள் மத்தியானம் அவங்க அத்தையைச் சமையல் ரூமுல உக்கார வச்சுப் பேச வச்சுட்டான். "மோட்டார் ஓடுதுங்க." "கரண்டு இல்லீங்க." "தண்ணி இல்லீங்க, நிறுத்தீட்டனுங்க." மூணே மூணு. பின்னாடி குக்கர் விசில் சத்தம் கூட லேசாக் கேக்கும்.

போன ஆவணியில புளியம்பட்டியில ஒரு ஒறம்பரை கல்யாணம். பந்தியில இவ பக்கத்து எலைக்காரங்ககிட்ட, "ரசம் இல்லீங்க, இந்தப் பக்கம் வரலீங்க"ன்னு சொல்லியிருக்கறா. எதுத்தாப்புல உக்காந்திருந்த பெரியவரு ஒருத்தரு சாப்பாட்டை நிறுத்திட்டு இவளையே பாத்தாராம்.

"ஏனுங் அம்மிணி, எங்க தோட்டத்து மோட்டார்ல இருக்கறது நீங்களுங்களா?"

இவளுக்கு வெக்கம் தாங்கலை. ஆமாங்கன்னு தலையாட்டினா. அவரு எலையை ஓரமாத் தள்ளி வச்சுட்டு, ரொம்பக் கவலையாக் கேட்டாரு: "பத்து நாளாத் தண்ணி இல்லீங்க, தண்ணி இல்லீங்கன்னே சொல்றீங்களே, போரை இன்னும் எறநூறு அடி எறக்கலாமுங்களா?"